பிளைவுட்டில் ஸ்வெர்வ் மாட்யூல்: எந்தப் பாகம் வரை மரத்தை நம்பலாம்?

கேள்வி:
போட்டி ரோபோ ஒன்றுக்காக நான்கு ஸ்வெர்வ் மாட்யூல்களை (ஒரு சக்கரத்தைத் தனியே ஓட்டவும் எத்திசையிலும் திருப்பவும் உதவும் அமைப்பு) வடிவமைத்து வருகிறோம். எங்களிடம் உள்ள சிஎன்சி ரவுட்டர் (கணினி இயக்கும் வெட்டும் இயந்திரம்) அலுமினியத்தை வெட்டும் அளவுக்கு விறைப்பானதன்று. ஆகவே மேல்தட்டு, கீழ்த்தட்டு, சக்கரத்தைப் பிடிக்கும் கவை ஆகிய மூன்றையும் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் வெட்ட எண்ணுகிறோம். ரோபோவின் எடை 55 கிலோ, சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ.; ஓட்டும் மோட்டாரின் சுழற்சி பெவல் கியர் (சுழற்சியின் திசையைச் செங்கோணத்தில் மாற்றும் கூம்பு வடிவப் பற்சக்கரம்) வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஈரப்பதத்தால் தட்டு விரிந்து, திருப்பும் கியர்களின் மைய இடைவெளி மாறிவிடுமோ என்பதே எங்கள் அச்சம். எபாக்சிப் பிசின் பூசினால் போதுமா?

மறுமொழி 1:
நீங்கள் அஞ்ச வேண்டியது மைய இடைவெளிக்காக அன்று. பிளைவுட்டில் அடுத்தடுத்த அடுக்குகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், ஓர் அடுக்கின் விரிவை மற்றது தடுத்துவிடுகிறது. எனவே நீளமும் அகலமும் மிகக் குறைவாகவே மாறும். தடிமனைத் தடுப்பதற்கு எதுவுமில்லை. அது சாதாரண மரப்பலகையைப் போலவே உப்பும், சுருங்கும். பெவல் கியர்கள் எவ்வளவு ஆழமாகப் பொருந்துகின்றன என்பது தட்டின் தடிமனைப் பொறுத்து அமைந்திருந்தால், மழைநாளில் இறுகி, வறண்ட நாளில் பல் தாண்டும் மாட்யூல்தான் கிடைக்கும். எபாக்சி ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் நிறுத்தாது. வெட்டிய விளிம்புகளிலும் துளைகளின் உட்புறத்திலும் பூசாவிட்டால் அந்தப் பயனும் இல்லை.

ஆகையால் துல்லியம் தேவைப்படும் எந்த உயர அளவும் மரத்தின் தடிமன் வழியாகச் செல்லாதபடி அமையுங்கள். ஒவ்வொரு போல்ட் துளையிலும் தட்டின் முழுத் தடிமனுக்கும் ஓர் அலுமினியக் குழாய்த்துண்டைச் செருகி, போல்ட்டின் இறுக்கத்தை அதுவே தாங்கும்படி செய்யுங்கள். இல்லையெனில் மரம் மெல்ல நசுங்கி நட்டுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். பேரிங்கை மரத்துளையில் நேராக அடித்து இறக்குவதும் நிலைக்காது, துளை நாளடைவில் நீள்வட்டமாகும்; உலோக வளையத்தில் பேரிங்கை அமர்த்தி, அந்த வளையத்தைத் தட்டோடு போல்ட் போடுங்கள்.

கவையை மரத்தில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. மாட்யூல் ஒன்றுக்குச் சுமார் 135 நியூட்டன் எடை வருகிறது. உராய்வுக் கெழு 1 என்று கொண்டால், பக்கவாட்டிலும் அதே விசைதான்; திருப்பும் பேரிங் தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருந்தால் சாய்க்கும் திருப்புத்திறன் 13.5 நியூட்டன் மீட்டர். நின்ற நிலைக் கணக்கு இது; மோதலில் பல மடங்காகும். பிளைவுட்டின் விளிம்பில் இறக்கிய திருகு அடுக்குகளைப் பிளந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். கவையைப் பற்றி மட்டும் அவ்வளவு கடுமையாக இருக்கமாட்டேன். இரண்டு தட்டுகளை ஒட்டி, விளிம்பில் திருகே இல்லாமல் ஊடுபோல்ட்டுகளால் மட்டும் கட்டிய மரக்கவை எங்களுக்குப் பயிற்சிக்காலம் முழுவதும் உழைத்தது. எங்களைப் படுத்தியது வெப்பம். அலுமினியத் தட்டு மோட்டாரின் சூட்டை உறிஞ்சிப் பரப்பும், மரமோ போர்வை போர்த்தியதுபோல் அதை அடைத்துவைக்கும். சில நிமிடங்கள் இடைவிடாமல் ஓட்டினாலே திருப்பும் மோட்டாரைத் தொட முடியவில்லை. மோட்டாருக்கும் மரத்துக்கும் இடையே 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை, மோட்டாரைவிட நன்கு அகலமாக வெளியே நீட்டி வைத்த பிறகே நிலைமை சீரானது. அதைக் கைரம்பத்தால் வெட்டித் துளையிடலாம், ரவுட்டர் தேவையில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கவையை அலுமினியப் பட்டையில் செய்யவும், தட்டுகளை மட்டும் மரத்தில் வைத்துக்கொள்ளவும் முடிவு செய்துள்ளோம். முதலில் ஒரே ஒரு மாட்யூலைக் கட்டிப் பார்ப்போம். தடிமனைப் பற்றிப் படித்த பின் கையிருப்புப் பலகையை வெர்னியரால் அளந்தோம்: ஒரு மூலையில் 11.6, எதிர்மூலையில் 11.9. வரைபடத்தில் எல்லா இடத்திலும் 12 என்றே போட்டிருந்தோம்.