தகர ஷீட் மாடியறையை இணைய வகுப்புக்குத் தயார் பண்ணுவது எப்படி? (செங்கோட்டை – புளியரை பக்கம்)

சாரல்வீடு:
மகள் ஏழாவது படிக்கிறா. உயரம் 4 அடி 8 இன்ச், வலதுகைப் பழக்கம். தினமும் சாயங்காலம் 5 முதல் 7 வரை இணைய வகுப்பு. மாடியில் 10க்கு 9 அறை இருக்கு. மேலே தகர ஷீட், மேற்குச் சுவரில் ஜன்னல், கிழக்குச் சுவரின் தென்கோடியில் வாசல். ஃபைபர் மோடம் கீழே பட்டாசலில் (கூடத்தில்). கையில் இருப்பது 30 இன்ச் உயர மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, லேப்டாப், இன்வெர்ட்டர். சாரல் தொடங்குறதுக்குள்ள முடிக்கணும். எதை வாங்கணும், எதுக்குச் செலவே வேண்டாம்?

உளியும்_ரம்பமும்:
அண்ணாச்சி, முதல்ல மேஜைக்கு இடம் பாருங்க. காத்து வரும்னு எல்லாரும் ஜன்னலடியில்தான் போடுவாங்க. மேற்கு மலையில் இருக்கிற ஆரியங்காவுக் கணவாய் வாசல்லயே இருக்கிற ஊருக்கு அது ஆகாது. ஜூன் பிறந்தா மேற்குக் காத்து சாரலைக் கம்பி தாண்டி உள்ளே வீசும். வெறிச்ச நாளிலோ அஞ்சு மணி வெயில் கண்ணுக்கு நேரா இறங்கும். வடக்குச் சுவரின் கிழக்கு மூலையில், பிள்ளை வடக்கு பார்த்து உட்காருற மாதிரி போடுங்க. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும், எழுதுற கையின் நிழல் நோட்டில் விழாது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தா கேமராவில் முகம் கறுத்துத்தான் தெரியும். சுவருக்கும் மேஜைக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்க, ஒட்டிப் போட்டா மழை மாசத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

30 இன்ச் பெரியவங்க உயரம். இந்தப் பிள்ளைக்கு மேஜை 25, இருக்கை 15 இன்ச்தான் அளவு. அதுக்காக மேஜைக் காலை அறுக்காதீங்க, ரெண்டே வருஷத்தில் பிள்ளை வளர்ந்துடும். நாற்காலி இருக்கை 17 இன்ச் இருக்கும். அமுங்காத கெட்டி மெத்தையா 4 இன்ச் போட்டா 21 ஆகும். இப்ப கால் தொங்கும். செங்கல்லை ரெண்டு வரிசை படுக்க வெச்சு மேலே பலகை போட்டா கால் பதியும். தோளைத் தூக்காம முழங்கையை மடக்கினா முன்கை மேஜை மட்டத்துக்கு வரணும், அதுதான் சோதனை. நிறைய பேர் மெத்தையைப் போட்டுட்டு காலை மறந்துடுறாங்க. கால் தொங்கினா தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்தி மரத்துப் போகும், அரை மணியில் பிள்ளை நெளியும்.

லேப்டாப்பின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி கட்டை வெச்சு உயர்த்துங்க. ஸ்கிரீன் ஒரு கை நீட்டத்தில் இருக்கட்டும். உயர்த்தினா டைப் பண்ணத் தனி கீபோர்டு, மவுஸ் வேணும். முதல் செலவு அதுதான். ஷெல்ஃப் அடிக்கிறதா இருந்தா ஈரத்தை ஓரளவே தாங்குற சாதா எம்ஆர் பிளை வேண்டாம், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்க. வெட்டின விளிம்பை மூடாம விட்டா எந்தப் பிளையும் அங்கிருந்துதான் ஊறும்.

வயர்மேன்_அண்ணாச்சி:
இன்வெர்ட்டர் இருக்குன்னா பின்னாடி யுபிஎஸ் மோடுக்கு மாத்துற ஒரு சின்ன சுவிட்சைத் தேடுங்க. யுபிஎஸ் மோடில் இல்லேன்னா கரண்ட் மாறுற அந்த ஒரு நொடியில் மோடம் அணைஞ்சு திரும்ப ஏறும். அது முழிச்சு நெட் வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள வகுப்பு போயிடும். ஆனா யுபிஎஸ் மோடில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பேட்டரிக்குத் தாவிடும். லோ வோல்டேஜ் ஊருன்னா மோடத்துக்கு மட்டும் தனியா மினி யுபிஎஸ் வாங்குறது நல்லது. மோடம் அடாப்டர் ஸ்டிக்கரில் 12 வோல்டா 9 வோல்டான்னு பார்த்து அதே வோல்ட்டில் வாங்குங்க. 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தா போச்சு. மினி யுபிஎஸ் அட்டையில் 8000 எம்ஏஎச்னு (பேட்டரி கொள்ளளவு) போட்டிருக்கிறது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்குக் கணக்கு. பெருக்கினா சுமார் 30 வாட் அவர். 10 வாட் இழுக்கிற மோடத்துக்கு இழப்பெல்லாம் போக ரெண்டரை மணி நேரம் வந்தா அதிகம்.

இடி இடிச்சா இன்வெர்ட்டர், யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எதையும் நம்பாதீங்க. பிளக்கைப் பிடுங்கிடுங்க. சித்திரை, ஐப்பசி மாசங்களில் சாயங்கால இடி உங்க வகுப்பு நேரத்துக்கே வரும். லேப்டாப்பை முன்னாடியே முழுசா சார்ஜ் ஏத்தி வைக்கணும்.

கேபிள்_கந்தசாமி:
மோடம் கீழே, அறை மேலே. நடுவில் கான்கிரீட் தளம் இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒழுங்கா ஏறாது. 2.4 ஏறும், ஆனா வேகம் குறையும். வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்புற ரிப்பீட்டர் வாங்குறதை விட, மோடத்திலிருந்து 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துடுங்க. 'சிசிஏ'ன்னு போட்டது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். வேண்டாம், சுத்தச் செம்பு கேளுங்க. வெளிச்சுவர் வழியா வேண்டாம், இடிக்கு அதுவே வழி. மாடிப்படி ஓரமா உள்ளேயே கொண்டு போங்க. கரண்ட் பைப்புக்குள்ள மட்டும் விடாதீங்க.

ஃபைபர் அறுந்தா செல் ஹாட்ஸ்பாட்தான் கதி. தகர ஷீட் சிக்னலை மறைக்கும், அறை நடுவில் வெச்சா புள்ளி குறையும். எல்லை ஊரில் செல் கேரள டவருக்கும் நம்ம டவருக்கும் தாவிட்டே இருக்கும். கையில் வெச்சு நடக்காம ஜன்னல் பக்கம், சாரல் படாத திண்டில், ஒரே இடத்தில் சார்ஜரோட வெச்சிடுங்க. வீடியோ வகுப்பு மணிக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை தின்னும். தினம் 1.5 ஜிபி பேக்னா ரெண்டு மணி நேரம் தாங்குறது சந்தேகம்.

மழைச் சத்தத்துக்குத் தெர்மாகோல் அடிக்கச் சொல்வாங்க. அது சூட்டைக் கொஞ்சம் குறைக்கும். எடையே இல்லாததால் சத்தத்தை நிறுத்தாது, தீப்பிடிச்சா குபீர்னு போகும். வாய்ப்பக்கம் மைக் நீட்டின ஒயர் ஹெட்செட் போதும். லேப்டாப்பில் ஒரே ஓட்டைதான் இருக்குன்னா பச்சை, ரோஸ்னு ரெண்டு பின் வர்றதை வாங்காதீங்க.

சாரல்வீடு:
நன்றி அண்ணாச்சிமாரே. இன்னொண்ணு: சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப் மேல்மூடியில் கை வெச்சா சுருசுருன்னு இருக்கு. மகள் பயப்படுறா.

வயர்மேன்_அண்ணாச்சி:
எர்த் போய்ச் சேரல. எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிளக்கிலிருந்து கழட்டிட்டு மூடியைத் திறந்து பாருங்க. மூணு ஓட்டை இருக்கும், ஆனா உள்ளே சிவப்பு, கறுப்பு ரெண்டே வயர்தான் வந்திருக்கும், பச்சையைக் காணோம். அப்படின்னா பெட்டியை மாத்துங்க. மூணு பின்னை ரெண்டாக்குற கன்வெர்ட்டர் மாட்டியிருந்தா அதையும் தூக்கிப் போடுங்க. நேரா சுவர் பிளக்கில் போட்டும் சுருசுருன்னா, வீட்டு எர்த் குழியை வயர்மேனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் சார்ஜரைக் கழட்டிட்டே பிள்ளை படிக்கட்டும்.