திண்டுக்குள் இருந்த முகவரிகள்

தோல் அஞ்சலட்டையை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்குக் கிடைத்தது பென்சில்வேனியாவில், ஒரு பழம்பொருள் கடையில், பீங்கான் கோப்பைகளுக்கு அடியில். மான்தோல். விறைப்பாக இருக்கும் என்று நினைத்துத் தொட்டால், பழைய பணப்பை போல மெத்தென்று வளைந்துகொடுத்தது. சூடு வைத்து இழுத்த கோடுகளில் ஒரு கரடி. மறுபக்கம் பிராங்க்ளின் தலை போட்ட ஒரு சென்ட் பச்சைத் தபால்தலை, பாதி உரிந்து கிடந்தது. முத்திரை மை தோலில் ஊறி ஊர்ப்பெயர் வெறும் கறையாகிவிட்டது. 1906 மட்டும் தப்பியிருந்தது.

ஓரம் நெடுகத் துளைகள். பூச்சி அரித்தது என்று சொல்லிப் பேரம் பேசினேன். கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டார். 1903 வாக்கில் தொடங்கிய மோகமாம் இது. வந்து சேர்ந்த அட்டைகளைத் தோல்வாரால் கோத்துத் திண்டு உறை தைப்பார்களாம். அதற்கான துளைகள்தான் அவை. சொன்ன விலைக்கே வாங்கினேன், வேறென்ன செய்ய!

*

உங்களிடம் ஒற்றை அட்டைதான்; என்னிடம் முழுத் திண்டே இருக்கிறது. ஒஹையோவில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்தது. படங்கள் வெளியே, முகவரிப் பக்கங்கள் எல்லாம் உள்ளே. பிரித்துப் பார்க்கக் கை அரித்தது. நூறு வருடத் தையலைப் பிரிக்க மனம் வரவில்லை. ஒரு மூலையில் வார் அறுந்திருந்தது. அந்த வழியாகப் பஞ்சை உருவிவிட்டு டார்ச் அடித்தேன். காதல் கடிதம் தேடியவனுக்குக் கிடைத்தவை வெறும் முகவரிகள்!

பிறகுதான் புரிந்தது. 1907 மார்ச் 1 வரை அமெரிக்காவில் அஞ்சலட்டையின் முகவரிப் பக்கத்தில் சேதி எதுவும் எழுதக்கூடாது. சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில்தான் திணிக்க வேண்டும். விதி தளர்ந்த அதே ஆண்டில் தபால்துறை தோல் அட்டைகளுக்கே தடை போட்டுவிட்டது. முத்திரை குத்தும் இயந்திரங்களில் சிக்கித் தொல்லை கொடுத்தனவாம். எழுத இடம் கிடைத்த வேளையில் அட்டையே போயிற்று.

*

உங்கள் பதிலைப் படித்ததும் என் கரடி அட்டையை மறுபடி எடுத்தேன். கரடியின் காலடியில் ஏதோ அழுக்கு என்று ஈரத்துணியால் துடைக்க இருந்தேன்; நல்லவேளை, துடைக்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பென்சில் எழுத்து. "இங்கே மழை. சனிக்கிழமை வருகிறேன்." அவ்வளவுதான், கையெழுத்துகூட இல்லை.