ஹைட்ரோஸ் போட்டு வெளுத்த பட்டு நூல் திரும்ப மஞ்சளாகுது, என்ன செய்யலாம்?

நூற்புக்காரி (பாலக்கோடு)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாலக்கோடு பக்கத்துல பொம்பளைங்க குழுவா சேர்ந்து பட்டு நூற்கிறோம். கூட்டுல இருந்து நீள இழையா சுத்தி எடுக்கிற ரீலிங் நூல் இல்லைங்க. பூச்சி துளைச்சு வெளியே வந்த ஓட்டைக் கூடு, ரெண்டு புழு சேர்ந்து கட்டின இரட்டைக் கூடு, ரீலிங்குக்கு ஆகாதுன்னு கழிச்ச கூடு, இதையெல்லாம் வாங்கி வேகவெச்சு, பிரிச்சு, கையால நூற்கிறோம். நூல் தடிப்பாவும் முண்டு முண்டாவும் வரும். அந்தத் துணியை விரும்பி வாங்குறவங்க இருக்காங்க.

இப்போ பெங்களூருல ஒரு கடைக்காரர் நல்ல வெள்ளையா வேணும்னு கேக்கறார். எங்க நூல் சந்தன நிறத்துல இருக்கு. வெள்ளைக் கூடும் மஞ்சக் கூடும் கலந்துதான் எங்களுக்குக் கிடைக்குது. வாஷிங் சோடாவும் பார் சோப்பும் போட்டு வேகவைக்கிறோம். போர் தண்ணி. பாத்திரம், ஒரு வெல்ல ஆலையில வாங்கின பழைய இரும்புக் கொப்பரை.

வெல்லத்துக்குச் சாமான் விக்கிற கடையில ஹைட்ரோஸ்ங்கிற வெளுக்கிற பொடி வாங்கி சுடுதண்ணியில கரைச்சு சில சிட்டம் (நூல் கட்டு) முக்கிப் பார்த்தோம். கண்ணு முன்னாடியே வெளுத்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். வெயில்ல காயவெச்சு மடிச்சு வெச்சோம். கொஞ்ச நாள்ல மஞ்சள் திரும்ப ஏறிடுச்சு. அங்கங்க துரு நிறத்துல புள்ளியும் இருக்கு. இன்னும் அதிகமா போடணுமா? இல்ல பிளீச்சிங் பவுடர் போடலாமா? நூல் கெடாம வெள்ளையாகணும். இது எங்க குழுவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டருங்க.

ஓசூர் புழுவளர்ப்பு

அக்கா, பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்திக்குத்தான் அது. பட்டும் கம்பளியும் புரதம், குளோரின் பட்டா மஞ்சளாகி நைஞ்சு போகும், அதிகமா போட்டா கரைஞ்சே போகும். மத்தது தெரிஞ்சவங்க சொல்லட்டும். கூடு பத்தி ஒண்ணு: வாங்கும்போதே வெள்ளைக் கூட்டையும் மஞ்சக் கூட்டையும் தனித்தனியா பிரிச்சு வாங்குங்க. தருமபுரி ஏல அங்காடிக்கு ரெண்டும் வரும். கழிவுக் கூடு வாங்கும்போது யாரும் பிரிச்சுத் தர மாட்டாங்க, உக்காந்து நீங்கதான் பிரிக்கணும். அந்த ஒரு வேலையிலயே பாதி சிக்கல் குறையும்.

காவேரிப்பட்டணம் சாயக்காரர்

அம்மா, உங்க கேள்வியைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. பட்டுச் சாயப்பட்டறையிலயே தலை நரைச்சவன் நான். ஹைட்ரோஸ் நல்ல சரக்கு, அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு இடம் கடைசியில. நீங்க அதை முதல்ல வெச்சிருக்கீங்க.

ஏன்னு சொல்றேன். நீலச் சாயத் தொட்டி பார்த்திருப்பீங்க, இல்லாட்டி ஒரு தடவை போய்ப் பாருங்க. தொட்டியில ஹைட்ரோஸ் போட்டதும் நீலம் மறைஞ்சு தண்ணி பச்சை மஞ்சளா ஆயிடும். அதுல நூலை முக்கி வெளியே எடுத்தா, காத்து பட்ட உடனே நீலம் திரும்ப வந்துடும். நீலம் எங்கேயும் போகல. ஹைட்ரோஸ் அதை வேற உருவத்துக்கு மாத்தி வெச்சிருந்தது, காத்துல இருக்கிற ஆக்சிஜன் பழைய உருவத்துக்குத் திருப்பிடுச்சு, அவ்வளவுதான். உங்க மஞ்சளுக்கும் பெரும்பாலும் இதேதான் நடந்திருக்கு. ஹைட்ரோஸ் அந்த நிறத்தை நிறமில்லாத உருவத்துக்கு மாத்தி அப்படியே நூலுக்குள்ள விட்டுடும். காத்தும் வெயிலும் அதைத் திரும்ப எழுப்பும். அளவைக் கூட்டினா கொஞ்ச நாள் தள்ளிப் போகும், நிக்காது.

மஞ்சளை உடைச்சு வெளியேத்துறது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது பசையை முழுசா எடுக்கறது. கூட்டோட எடையில கிட்டத்தட்ட கால் பங்கு பசைதான். மஞ்சக் கூட்டோட நிறம் மல்பெரி இலையிலிருந்து வந்து பெரும்பாலும் அந்தப் பசையிலதான் தங்கியிருக்கு. பசை சரியாப் போனா மஞ்சளும் கூடவே போகும். உங்களுக்குப் போகாததுக்குக் காரணம் தண்ணி. நம்ம பக்கத்து போர் தண்ணியில சோப்பு நுரைக்காது, தயிர் மாதிரி திரிஞ்சு மிதக்கும். அந்தத் திரிதான் சுண்ணாம்புச் சோப்பு. அது நூல்ல ஒட்டிக்கிட்டு அதுவே பழுப்பா மாறும். நீங்க வெளுக்க நினைக்கிற மஞ்சள்ல ஒரு பங்கு பட்டோடதே இல்லை, சோப்போடது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணி கிடைச்சா அதுல வேகவைங்க. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சா இன்னும் நல்லது. சோடாவைக் குறைச்சு சோப்பைக் கூட்டுங்க, சோடா அதிகமானா பட்டோட பளபளப்பு செத்துடும்.

அடுத்தது அந்தக் கொப்பரை. அதைத் தூக்கி ஓரமா வெச்சுடுங்க. உங்க துருப்புள்ளிக்கு அதுதான் காரணமா இருக்கும், போர் தண்ணியில இரும்பு இருந்தா அதுவும் சேரும். எவர்சில்வர் அண்டா ஒண்ணு வாங்குங்க, செலவாகும்னாலும் வாங்கித்தான் ஆகணும். இரும்புக் கறை இருக்கிற நூலை அப்படியே பெராக்சைடுல போட்டீங்கன்னா அந்தப் புள்ளியில பெராக்சைடு வெறி பிடிச்ச வேகத்துல உடையும், நூல் அந்த இடத்துலயே அறுந்து ஓட்டை விழும். நெய்த பிறகு அது தெரியும்போது ஒண்ணும் செய்ய முடியாது.

அதனால இப்போ கையில இருக்கிற புள்ளி விழுந்த சிட்டத்துக்கு மட்டும் ஹைட்ரோஸை முதல்லயும் ஒரு தடவை போடலாம், ஆனா இரும்பை எடுக்க. லிட்டருக்கு 3 கிராம் ஹைட்ரோஸ், 2 கிராம் ஈ.டி.டி.ஏ., 55 முதல் 60 டிகிரி சூடு, அரை மணி. ஹைட்ரோஸ் துருவைக் கரையுற இரும்பா மாத்தும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடிச்சு வெச்சுக்கும், திரும்ப நூல்ல ஒட்ட விடாது. ஈ.டி.டி.ஏ. இல்லாம செஞ்சா புள்ளி மறைஞ்ச மாதிரி இருக்கும், பிறகு வரும். நல்லா அலசிட்டு அடுத்த வேலைக்குப் போங்க.

பெராக்சைடு: 50 சதவீதச் சரக்குன்னா லிட்டருக்கு 10 மில்லி, சோடியம் சிலிக்கேட் 2 கிராம், பி.எச். தாள் வெச்சு 8.5க்கும் 9க்கும் நடுவுல நிறுத்துங்க. 65 முதல் 70 டிகிரி, ஒரு மணிக்கு மேல. கொதிக்க விடக்கூடாது. நூல் முழுசும் முங்கியிருக்கணும், மேல தூக்கி நிக்கிற இடம் வேற நிறமாகும். கையுறை கட்டாயம், 50 சதவீதம் தோல்ல பட்டா வெள்ளையா வெந்துடும்.

அதுக்குப் பிறகுதான் ஹைட்ரோஸ். நல்லா அலசின நூல், லிட்டருக்கு 2 கிராம், 50 முதல் 60 டிகிரி, அரை மணி. இதுல ரெண்டு விஷயம் பாருங்க. தண்ணியை முதல்ல சூடாக்கி, அப்புறம் பொடியைத் தூவணும். போட்ட பிறகு கிளறிக்கிட்டே இருந்தா காத்து கலந்து சரக்கு செத்துடும். நூலை முக்கி மூடி போட்டுட்டு, இடையில மெதுவா ஒரு தடவை திருப்பி விட்டாப் போதும். பெராக்சைடு உடைக்காம விட்ட மிச்சச் சாயலை இது எடுக்கும். இந்த ரெண்டும் சேர்ந்த வெள்ளை தனி ஹைட்ரோஸ் வெள்ளையை விட எவ்வளவோ காலம் நிக்கும்.

கடைசி அலசலுக்கு லிட்டருக்கு ரெண்டு மில்லி வினிகர். பட்டுக்கு அந்தச் சரசரப்பு வரும். காயவைக்கிறது நிழல்ல. வெயில் பட்டாலே பட்டு மஞ்சளாகும், எந்த மருந்தும் போடாத பட்டு கூட.

வேதியியல் வாத்தியார், கிருஷ்ணகிரி

சாயக்காரர் ஐயா சொன்ன முறை சரியானது. நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இது வீட்டில் பெண்கள் செய்யும் வேலை, பக்கத்தில் குழந்தைகளும் இருப்பார்கள்.

ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் இதன் எண் 1384, தானாகத் தீப்பற்றக்கூடிய பொருள்களின் 4.2 வகுப்பு. ஈரம் பட்டால் சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மூட்டைக்குள் தங்கினால் எரியத் தொடங்கும், கந்தக டை ஆக்சைடு புகை வரும். ஐப்பசி மழையில் ஓட்டு வீட்டு ஓரத்தில் சாக்கோடு வைப்பது மிகத் தவறு. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஈரக்கையால் அள்ளாதீர்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, நிறையத் தண்ணீரில் பொடியைத்தான் போட வேண்டும். சிந்தியதைப் பெருக்கி ஈரக் குப்பையில் போடுவதும் கூடாது.

பெராக்சைடு கேனும் ஹைட்ரோஸ் டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் நேரடியாகக் கலந்தால் கடுமையாக வினைபுரியும். வினிகரும் அப்படித்தான்: ஹைட்ரோஸ் தொட்டியிலேயே வினிகரை ஊற்றினால் மூச்சை அடைக்கும் புகை வரும். அலசி முடித்த பிறகு, வேறு தண்ணீரில். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

இன்னொன்று. வெல்லச் சாமான் கடையில் இது கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெல்லத்தை வெளுப்பாகக் காட்ட இதைப் போடுவது நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாப்பிடும் பொருளில் இதற்கு இடமே இல்லை. நூலுக்கு வாங்குவதைச் சாயச் சரக்குக் கடையில், தேதி பார்த்து, மூடிய டப்பாவாக வாங்குங்கள். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துத் தருவது பாதி செத்த சரக்காகவே இருக்கும். கட்டி கட்டியாக இறுகி, மூடியைத் திறந்ததும் நெடி ஏறினால் வாங்காதீர்கள்.

அஞ்செட்டி மேய்ச்சல்

நடுவுல ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். எங்க பக்கம் குரும்பர் வீடுகள்ல கம்பளி நெய்யறாங்க. கறுப்பு, காப்பி நிற ஆட்டு மயிர். அதை இந்த மாதிரி வெளுக்க முடியுமா?

காவேரிப்பட்டணம் சாயக்காரர்

தம்பி, வெள்ளை ஆட்டு மயிரோட மஞ்சளுக்கு இதே வழி வேலை செய்யும், சூட்டை இன்னும் குறைக்கணும். அந்தக் காலத்துல கந்தகத்தை மூடின அறையில எரிச்சு ஈரக் கம்பளியை ராத்திரி முழுக்கத் தொங்க விடுவாங்க, அதுவும் இதே குணம்தான், அந்த வெள்ளையும் சோப்புத் தண்ணி பட்டா திரும்பிடும். கறுப்பு மயிர் வேற கதை. அது அழுக்கோ சாயலோ இல்லை, மயிருக்குள்ள இருக்கிற நிறமி. ஹைட்ரோஸ் அதைத் தொடாது. அன்னபேதியில (இரும்பு உப்பு) ஊறவெச்சு இரும்பை நிறமியில மட்டும் ஏத்தி, மிச்சத்தை அலசிட்டு பெராக்சைடு போடுற முறை ஒண்ணு இருக்கு, கை தவறினா மயிரே போயிடும். என்னைக் கேட்டா அந்தக் கறுப்பை அப்படியே விடுங்க. சாயம் போடாம கறுப்பு கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்.

நூற்புக்காரி (பாலக்கோடு)

ஐயா, சார், தம்பி, எல்லாருக்கும் நன்றி. எவர்சில்வர் அண்டா கடன் வாங்கி, ஒகேனக்கல் தண்ணி பிடிச்சு, புள்ளி விழுந்த சிட்டத்துல ஒண்ணு செஞ்சு பார்த்தோம். ஈ.டி.டி.ஏ. சேலத்துல இருந்து வரவழைச்சோம். புள்ளி போயிடுச்சு. பெராக்சைடு முடிஞ்சு ஹைட்ரோஸ்ல இருந்து எடுத்தப்போ எங்க குழுவுல மூத்தவங்க நூலைக் கன்னத்துல வெச்சுப் பார்த்தாங்க, மெதுவா இருக்குன்னாங்க. இப்போ நிழல்ல தொங்குது, கொஞ்ச நாள் வெச்சுப் பார்த்துட்டுத்தான் மீதியைத் தொடுவோம்.

ரெண்டு சந்தேகம். கடைக்காரர் டினோபால் போடுங்கன்னு சொல்றார், போடலாமா? வேலை முடிஞ்ச தண்ணியை எங்க கொட்டறது? பின்னாடி ஏரி வாய்க்கால் போகுது.

காவேரிப்பட்டணம் சாயக்காரர்

டினோபால் வெளுக்காது, நீலச்சாயலா மினுக்கும், அவ்வளவுதான். வெயில்ல அது சீக்கிரம் செத்து நூல் முன்னைவிட மங்கலாத் தெரியும். கையால நூத்த பட்டுக்கு அந்த மினுக்கு பொருந்தவும் பொருந்தாது. இப்போ வந்திருக்கிற வெள்ளையில ஒரு சிட்டத்தைக் கடைக்காரருக்கு அனுப்பி, பகல் வெளிச்சத்துல பார்க்கச் சொல்லுங்க. பாலோட வெள்ளைதான் பட்டோட வெள்ளை, காகிதத்தோட வெள்ளை இல்லைன்னு அவர்கிட்ட தைரியமா சொல்லுங்க. நூல் பலம் பத்தி அவருக்குச் சந்தேகம் இருந்தா பெங்களூருல மத்திய பட்டு வாரியத்தோட தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க சோதிக்கக் கொடுக்கலாம். வெளுக்கறதுக்கு முன்னாடி நூல்ல கொஞ்சமும் பின்னாடி நூல்ல கொஞ்சமும் கொடுங்க, அப்பத்தான் ஒப்பிட முடியும்.

வேதியியல் வாத்தியார், கிருஷ்ணகிரி

வாய்க்காலில் விடாதீர்கள் அம்மா. அந்தத் தண்ணீர் ஏரியில் இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் மூச்சுமுட்டும். அகலமான தொட்டியில், வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்து வைத்து ஒரு நாள் அவ்வப்போது கிளறிவிடுங்கள். காற்று பட்டுப் பட்டு அது கடைசியில் சல்பேட் உப்பாக மாறும், நெடி போய்விடும். புளிப்பேறியிருக்கும், பி.எச். தாளில் 7க்கு வரும்வரை கொஞ்சம் சோடா போடுங்கள். பெராக்சைடு தண்ணீரைத் தனியாக வையுங்கள், இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஈ.டி.டி.ஏ. போட்ட தண்ணீர் எளிதில் மக்காது, அதனால் அதன் அளவைக் கூட்டாதீர்கள். பிறகு எல்லாவற்றையும் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத தரிசில், ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக விடுங்கள். ஆர்டர் பெரிதாகி அண்டாக் கணக்கு தொட்டிக் கணக்கானால் இது போதாது. அப்போது வேலை தொடங்கும் முன்பே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.