பூம்பாறைத் தேரும் லோக்கல் சேனலும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பூம்பாறைக்காரன்:
எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் தேரை நான் டிவியில் முதலில் பார்த்தது கொடைக்கானல் லோக்கல் கேபிளில்தான். அப்போது ஏழாம் வகுப்பு. அந்தத் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெரு சரிவாக இருப்பதால் முன்னால் உள்ளவர்கள் இழுக்க இழுக்க, பின்னால் உள்ளவர்கள் தேர் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியூர் சேனல்காரர்கள் வந்தால் சாமி அலங்காரத்தையும் பனிமூட்டத்தையும் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் இறங்கிவிடுவார்கள். கேபிள்கார அண்ணன் மட்டும் பின்வடத்துப் பக்கம் போய் நின்றார். அங்கே என் தாத்தா, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க வடத்தைப் பிடித்திருக்கிறார். அந்தக் காட்சி வெட்டே இல்லாமல் ஓடியது. முன்வடம் பிடிக்கத்தான் நாங்கள் பையன்கள் அடித்துக்கொள்வோம். தாத்தா ஏன் எப்போதும் பின்னால் நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் பூண்டு பற்றிப் பேச வைக்க அதே அண்ணன் வீட்டுக்கு வந்தார். விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகை படும்படி ஏன் தொங்கவிடுகிறோம் என்று தாத்தா தன் பேச்சிலேயே சொன்னார். யாரும் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே உட்கார்ந்து பார்த்தது.

தாத்தா போன பிறகு அந்த கேசட்டைக் கேட்டுப் போனேன். அதன் மேலே ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லா சேனலிலும் செய்தி வந்தது. எனக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது.

தாண்டிக்குடி காபித் தோட்டம்:
படிக்கவே மனசு கனக்கிறது. எங்கள் பக்கம் கல்திட்டைகள் உண்டு; பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலத்து அமைப்புகள். சின்ன வயதில் குள்ளர் வீடு என்று சொல்லி அதற்குள் ஒளிந்து விளையாடுவோம். லோக்கல் நிகழ்ச்சி ஒன்றில்தான் அவை இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-லேயே வெளியிட்டிருக்கிறது. பள்ளியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு திட்டையின் மேல் அடுக்கியிருந்த விறகை எல்லாம் இறக்கினோம். மூடுகல் மட்டும் நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத கனம்.

பூம்பாறைக்காரன்:
விறகை இறக்கினீர்களே, அதற்கே நன்றி. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது கூக்கால், மன்னவனூர் பக்கமெல்லாம் போய் அந்த அண்ணன் எடுத்தார். அதை யாராவது வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தால், விசிஆர் கேசட்டாக இருந்தாலும் சரி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து வாங்கி, டிஜிட்டலாக மாற்றித் திருப்பித் தருகிறேன்.