அடிமை வரலாற்றை வகுப்பில் நடத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு, அட்லாண்டிக் அடிமை வணிகம். ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு அமெரிக்கக் கண்டங்களில் கரை சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1.07 கோடி. கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், அத்தோடு சரி. அதனால் எண்களைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பத்திரிகை விளம்பரத்தோடு வகுப்புக்குப் போனேன்.

1796 மே மாதம் பிலடெல்பியாவில் வெளிவந்தது. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் ஓடிப்போய்விட்டாள். வயது இருபது இருக்கும், முகத்தில் புள்ளிகள், கன்னங்கரிய கண்கள், அடர்ந்த முடி. பிடித்துத் தந்தால் பத்து டாலர். தொலைந்த மாட்டுக்கு அடையாளம் சொல்வது போலவே இருக்கும். நடுவில் ஒரு வரி வருகிறது: அவள் போவதற்கு எந்தக் காரணமும் இல்லையாம்!

"காரணமே இல்லையாமா சார்?" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. சம்பளம் உண்டா, வேலையை விட்டுப் போகலாமா, போனால் யார் பிடிப்பார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. வாஷிங்டன் மனைவியின் பேத்திக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துதான் ஓனா கிளம்பினாள், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வைத்திருந்தால் அடிமைக்கு விடுதலை கோரும் உரிமை வந்துவிடும். அதைத் தவிர்க்கவே வாஷிங்டன் தன் அடிமைகளை அவ்வப்போது மாநிலத்துக்கு வெளியே அனுப்பிக் கூட்டிவந்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஓனா கடைசிவரை பிடிபடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்து 1848இல் இறந்தாள். அன்றைக்கும் சட்டத்தின் கண்ணில் அவள் அடிமைதான்.

உடைமையாளர் தரப்பே வெளியிட்ட காகிதம்தான் அவருக்கு எதிரான சாட்சி. இது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

*

மேலே எழுதியவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தயவுசெய்து யாரும் இந்தப் பாடத்தை நடிக்க மட்டும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கப்பலின் அடித்தளம் என்று மேசைக்கடியில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். கிள்ளலும் சிரிப்பும்தான் மிச்சம். போதாக்குறைக்கு "நீதான் அடிமை" என்று நிறம் கறுத்த பையனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்த வலியைப் பத்து நிமிடத்தில் 'உணர்ந்துவிடலாம்' என்று நினைப்பதே எனக்கு அபத்தமாகப் படுகிறது.

அடிமைகளை ஏற்றிச்சென்ற புரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் வரைபடம் இருக்கிறது, அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 1788இல் அச்சிட்டது. அதை அமைதியாகப் பார்க்கக் கொடுங்கள், போதும். சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேரைத்தான். அதற்கு முன் அந்தக் கப்பல் 600 பேருக்கு மேல் ஏற்றிப்போயிருக்கிறது.

*

எல்லா ஆண்டும் எனக்கு வரும் கேள்வி: "அவர்கள் ஏன் எதிர்த்துச் சண்டை போடவில்லை?" போட்டார்கள் என்று, கரீபியனில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த ஹைட்டியைத்தான் காட்டுவேன். 1791இல் அடிமைகளின் கிளர்ச்சி, 1804இல் தனி நாடு. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது அதற்குப் பிறகு, 1807இல். நல்ல மனம் படைத்த சில வெள்ளையர்கள் விடுதலை வாங்கிக்கொடுத்தார்கள் என்று பாடத்தை முடித்தால் அது பாதிக் கதைதான்.

*

பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைகளை விடுவித்த சட்டத்தைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. 1833இல் பிரிட்டன் இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டார்கள், கொடுக்கட்டும்" என்பார்கள். யாருக்குப் போனது என்று கேட்பேன். உடைமையாளர்களுக்கு. விடுதலையானவர்களுக்குக் காலணா இல்லை. அதிலும் வயலில் உழைத்தவர்கள் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் வேலை பார்க்க வேண்டியிருந்தது. போன முறை ஒரு பையன் எழுந்து, "அப்போ காசு கொடுத்து வாங்கியதற்கு ரீஃபண்டா மிஸ்?" என்றான். இதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது.