சிஎன்ஜி கிட் பொருத்திய பழைய பெட்ரோல் கார்: கும்பகோணம் பக்கத்தில் விலை ஏறுமா, இறங்குமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2018 இல் பதிவான, பிஎஸ்-4 புகை விதி வகையைச் சேர்ந்த சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. சென்னையில் வேலை பார்த்தபோது, 2022 இல், 60,000 ரூபாய் செலவில் சீக்வென்ஷியல் வகை சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) கிட் பொருத்தினேன். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எரிபொருள் ‘பெட்ரோல்/சிஎன்ஜி’ என மாற்றப்பட்டுள்ளது. காப்பீட்டுப் பத்திரத்தில் மட்டும் கிட் பற்றிய குறிப்பு இல்லை. சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தத்தில் வைத்து அதன் வலுவைச் சோதிப்பது) கெடுவும் கடந்துவிட்டது. இப்போது ஊரோடு வந்துவிட்டதால் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது. விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். நான் விசாரித்த புரோக்கர்களில் ஒருவர், கிட்டுக்காக 40,000 கூடுதலாகவே கேட்கலாம் என்கிறார். இன்னொருவர், கேஸ் வண்டி என்றாலே இந்தப் பக்கத்தில் ஆள் வராது, பெட்ரோல் விலையிலிருந்து 30,000 குறைத்துச் சொல்லுங்கள் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? கிட்டைக் கழற்றிவிட்டு விற்பது மேலா?

பழைய வண்டிக்காரன் (மயிலாடுதுறை) எழுதியது:

ஐயா, இருவருமே தங்கள் கையில் இருக்கும் வாடிக்கையாளரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வாங்குபவரின் மாத ஓட்டம் எவ்வளவு என்று தெரியாமல் கிட்டுக்கு விலை சொல்ல முடியாது.

ஒரு கணக்குக்காக, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றும், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாகும். நீங்கள் செலவழித்த 60,000 ரூபாயைத் திரும்ப எடுக்கவே ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கும், உரம், விதை விற்பனைக்காகத் திருத்துறைப்பூண்டிக்கும் பட்டுக்கோட்டைக்கும் அலைபவருக்கும் அந்த மிச்சம் மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் என்பதால், அவர் கிட்டுக்குப் பணம் தருவார். ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலைக்குப் போய்வருவதற்காக வண்டி தேடும் குடும்பஸ்தர், டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும் சிலிண்டரைப் பார்த்ததும் விலையைக் குறைக்கத்தான் செய்வார். கல்யாண முகூர்த்த நாளில் சீர்வரிசைத் தட்டுகளை எங்கே வைப்பது என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

டாக்ஸிக்காரர்கள் வாங்குவார்கள் என்று நம்ப வேண்டாம். உங்களுடையது ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) வண்டி; அதோடு, நவக்கிரக கோயில்களுக்குக் குடும்பத்தோடு வருபவர்களின் பெட்டிகளுக்கு அதில் இடம் இல்லை.

இன்னொன்று, பங்க். சென்னையில் இதே வண்டிக்குக் கேள்வி அதிகம். நரிமணத்திலும் குத்தாலத்திலும் நம் மண்ணுக்கடியிலிருந்துதான் எரிவாயு எடுக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் சிஎன்ஜி நிரப்ப வேண்டுமென்றால் வழியைத் திட்டமிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதையிலேயே பங்க் உள்ள ஆளைத் தேடுங்கள். அவரிடம் 20,000 முதல் 25,000 வரை கூடுதலாகக் கேட்கலாம் என்பது என் கணிப்பு. மற்றவர்களிடம் பெட்ரோல் வண்டியின் விலை வந்தாலே போதும். 2010 முதல் மாருதி நிறுவனம் ஆலையிலேயே பொருத்தித் தரும் சிஎன்ஜி வண்டிகளுக்குக் கிடைக்கும் மதிப்பை, வெளியில் பொருத்தியதற்குச் சந்தை தருவதில்லை.

காப்பீட்டுக் கணக்கர் (தஞ்சாவூர்) எழுதியது:

மேலே சொன்ன விலைகள் எல்லாம் காகிதம் ஒழுங்காக இருந்தால்தான் பொருந்தும். ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருப்பது பெரிய பலம். வண்டியில் மாற்றம் செய்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு சொல்லியும், பலர் அதைச் செய்வதில்லை. கிட்டுக்குரிய வகை ஒப்புதல் சான்றின் (அந்த வகைக் கிட்டைச் சோதித்து அங்கீகரித்த சான்றின்) நகலையும் பொருத்திய மையத்தின் ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள்.

காப்பீட்டில் கிட் சேர்க்கப்படாதது உண்மையிலேயே குறைதான். கட்டண விதிப்படி, கிட்டின் மதிப்பில் 4 விழுக்காடும், மூன்றாம் நபர் பொறுப்புக்காக 60 ரூபாயும் கூடுதலாகக் கட்டினால் குறிப்பு ஏறிவிடும். இவ்வளவு சிறிய தொகைக்காக அதை விட்டுவைத்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் தகராறு வரும். அதை அறிந்த வாங்குபவர் உங்களை மற்ற விஷயங்களிலும் நம்பமாட்டார். மூன்று ஆண்டைக் கடந்து நான்கு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்கும் அதன் பொருள்களுக்கும் காப்பீட்டு அட்டவணையே 40 விழுக்காடு தேய்மானம் கழிக்கிறது. 60,000 ரூபாய்க் கிட் 36,000 ஆகிவிடுகிறது. உங்கள் முதல் புரோக்கர் சொன்ன 40,000 அதையும் தாண்டுகிறது.

இதைப் படிக்கும் வாங்குபவர்களுக்கும் ஒன்று: 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் வெளிக் கிட் பொருத்த 2022 ஆகஸ்டில்தான் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. பிஎஸ்-6 வண்டியில் அதற்கு முந்தைய தேதியில் கிட் ரசீது இருந்தால் நிதானித்து விசாரியுங்கள்.

மன்னை வாசகன் (மன்னார்குடி) எழுதியது:

நான் மாறுபடுகிறேன். டெல்டாவில் பழைய கார் வாங்குபவர்களில் பெரும்பாலானவர்கள் உள்ளூர் மெக்கானிக்கை அழைத்து வருவார்கள்; அவருக்கு கேஸ் கிட் பழக்கமில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கிட்டைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, சுத்தமான பெட்ரோல் வண்டியாகக் கொடுப்பதே விரைவில் காசாகும் வழி.

அரசலாற்றங்கரை எழுதியது:

மன்னை நண்பர் சொல்வதுதான் எனக்கும் எளிதாகப் படுகிறது. கழற்றிவிட்டால் ஹைட்ரோ டெஸ்ட் செலவும் மிஞ்சும் அல்லவா?

பழைய வண்டிக்காரன் எழுதியது:

மிஞ்சும், ஆனால் கழற்றியதோடு வேலை முடியாது. ஆர்.சி.யில் ‘பெட்ரோல்/சிஎன்ஜி’ என்று இருக்க, வண்டியில் சிலிண்டர் இல்லாவிட்டால் அதுவும் பதிவில் முரண்தான். மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ‘பெட்ரோல்’ என மாற்ற வேண்டும். வண்டிக் கடன் நிலுவையில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். கெடு கடந்த சிலிண்டருக்குத் தனியாக என்ன விலை கிடைத்துவிடும்?

என் யோசனை: முதலில் டெஸ்ட்டை முடியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டியது அது. வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கெடு முடிந்த சிலிண்டருக்குப் பங்கில் நிரப்பக் கூடாது என்பதால், வாங்க வருபவருக்குச் சிஎன்ஜியில் ஓட்டிக்காட்டவும் உங்களால் முடியாது. சிலிண்டர் கீழே இறங்கும் அந்த நாளில், அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் நின்ற சாலைகளில் ஓடிய வண்டியை வாங்குபவர் அங்கேதான் முதலில் கை வைப்பார்.

பெட்ரோல் பக்கத்தையும் மறக்காதீர்கள். கேஸிலேயே ஓட்டி, டாங்கில் பெட்ரோலை அடிமட்டத்தில் வைத்திருப்பவர்களின் வண்டியில், பெட்ரோலாலேயே குளிர வேண்டிய பம்ப் சூடேறிப் பழுதாகும். சிஎன்ஜிக்குத் தீப்பொறி வலுவாக வேண்டுமாதலால் பிளக்குகள் விரைவில் தேயும். உலர்ந்த வாயு என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இருக்கையும் தேய்ந்து இடைவெளி குறையும். புதுப் பிளக் போட்டு, வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, எஞ்சின் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அழுத்த) அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மன்னை நண்பர் சொல்லும் மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் கொடுத்து, காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு கேஸுக்கு மாறுவதைக் காட்டுங்கள். பத்து கிலோமீட்டர் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தபின் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வது கடினம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மாதத்தில் ஆள் அமையவில்லை என்றால், அப்போது கழற்றலாம். டெஸ்ட் முடிந்த சிலிண்டராக இருப்பதால் கிட்டுக்கும் ஏதோ ஒரு விலை கிடைக்கும். கிட்டோடு விற்றால், உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்துப் போடும் நாளிலேயே சிலிண்டர் எண்ணையும் டெஸ்ட் தேதியையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.