கழுத்து பிடித்துக்கொண்டதா, இழுத்துக்கொண்டதா?

மழைத்துளி:
வாந்திக்குக் கொடுத்த மாத்திரையின் இரண்டாம் நாள். என் மகளுக்கு 16 வயது. பேசிக்கொண்டே இருந்தவளின் கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. தாடை கோணியது, கண்கள் மேலே செருகின. ஆனால் நினைவு தப்பவில்லை. "அம்மா, திருப்ப முடியவில்லை" என்று என்னைப் பார்க்க முடியாமலே சொன்னாள். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

அவசரப் பிரிவு வாசலில் பதற்றத்தில் "வலிப்பு" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் எல்லாக் கேள்விகளும் வலிப்பைப் பற்றியவைதான். முன்பு வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, நாக்கைக் கடித்தாளா? முக்கால் மணி நேரம் போனது. பிறகு வந்த இளம் மருத்துவர் அவளிடமே கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிட்டாய், அம்மா?" மெட்டோகுளோபிரமைடு. சிலருக்கு, அதிலும் இளவயதினருக்கு, அது இப்படித் தசைகளை இழுத்துவிடுமாம். மாற்று ஊசி போட்டார். சிறிது நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. நான் மட்டும் "கழுத்து இழுத்துக்கொண்டு நிற்கிறது, நினைவு இருக்கிறது" என்று சொல்லியிருந்தால்!

கதிர்:
நீங்கள் சொன்ன சொல்லில் பிழையே இல்லை. வலித்தல் என்றால் இழுத்தல்தான். துடுப்பு வலிக்கிறோமே! இழுப்பதைத்தான் வலிப்பு என்றீர்கள்.

என் அனுபவம் சிறியது. நள்ளிரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகி அலறி எழுந்தேன். மறுநாள் மருத்துவரிடம், பாட்டி சொல்லும் சொல்லாலேயே "குரக்குவலி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தசைப்பிடிப்பு என்று திருத்திச் சொன்னபோது ஏனோ மனம் சுருங்கியது. நல்ல சொல் அது, சாகக்கூடாது.

நிலாமுற்றம்:
நான் இலங்கைத் தமிழ் பேசுபவள். எங்களுக்கு இடுப்பின் பின்புறம் நாரி. தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரிடம் குனிந்தபடியே மேசையைப் பிடித்துக்கொண்டு "நாரி பிடித்துவிட்டது" என்றேன். அவர் படித்த தமிழில் நாரி என்றால் பெண். இருவரும் தமிழர்தான், இருந்தும் வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டவேண்டி வந்தது.

பழையவேர்:
பொதுவாகச் சுளுக்கையும் பிடிப்பையும் எல்லோரும் ஒன்றாக்குகிறார்கள். மூட்டு பிசகித் தசைநார் இழுபட்டால் சுளுக்கு. தசை தானாக இறுகினால் பிடிப்பு. தூங்கி எழும்போது கழுத்து திரும்பாமல் போவது பெரும்பாலும் இரண்டாவதுதான். எனக்கு அப்படி வந்தபோது ஒருவர் "சுளுக்கு எடுக்கிறேன்" என்று தலையைப் பற்றி வெடுக்கெனத் திருப்பினார். கண் இருண்டது. யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். கழுத்தில் ஏழு எலும்புகள், அவற்றின் ஊடாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள். விளையாடும் இடமல்ல.

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வலிக்காத அளவுக்குக் கழுத்தை அசைத்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் விடும். ஆனால் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து, மோவாய் மார்பைத் தொட முடியாமல், வெளிச்சம் கூசினால் அது மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல் உடனே ஓடுங்கள். காயம்பட்டுச் சில நாள் கழித்து வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால் இரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். விழுந்து அடிபட்டபின் கை மரத்தாலும் தாமதிக்காதீர்கள். கதிர் அவர்களே, இரவில் அடிக்கடி குரக்குவலி வந்தால் படுக்குமுன் கெண்டைக்காலை நீட்டி மடக்குங்கள்.

மழைத்துளி:
கதிர், வேர்ச்சொல் சரிதான். ஆனால் வாசலில் கேட்டவர் காதில் அது காக்காய் வலிப்பாகத்தானே விழுந்தது? முக்கால் மணி நேரமும் அவள் கழுத்தை நான் கையால் தாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மாத்திரையின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே, தன் கையெழுத்தில், "கழுத்து இழுக்கும்" என்றும் எழுதியிருக்கிறாள்.